மீனில் சிவப்புப் புள்ளியா?

குளத்தில் கட்லா, ரோகு வளர்க்கிறோம். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது மீனைக் கவனித்துப் பாருங்கள். உடலில் சிவப்புப் புள்ளி தெரிகிறதா? அது புண் நோயாக இருக்கலாம். விட்டுவிட்டால் புள்ளி ஆழமான புண்ணாகும். மீன்கள் கூட்டமாகச் சாகும்.

இந்த நோய் 1988-இல் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்தது. பிறகு பல மாநிலங்களுக்கும் பரவியது.

செத்த மீனை வாய்க்காலில் வீசாதீர்கள். அடுத்தவர் குளமும் கெடும். சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வலையை வெயிலில் காய வையுங்கள்.

புவனேசுவரத்தில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இதற்குச் 'சிஃபாக்ஸ்' என்ற மருந்தை உருவாக்கியது. இரண்டரை ஏக்கர் குளத்தில் 1 மீட்டர் ஆழம் நீர் இருந்தால், 1 லிட்டர் மருந்து போதும். தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும்.

வருமுன் காப்போம். மீனை நெருக்கமாக விட வேண்டாம். மீன்வளத்துறை அலுவலரிடம் அளவு கேட்டு, குளிருக்கு முன்பே சுண்ணாம்பு இடுவோம்.