வசனத்துக்கு மேலேயும் கீழேயும்

எங்கள் பக்கத்துச் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குத்தான் கூட்டம் நெரியும். பன்னிரண்டு மணி அடித்து, புதுவருஷ ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கைக்கு வரும். பூவோ மலையோ அச்சிட்ட சின்ன அட்டை, அதில் ஒரே ஒரு வசனம். அந்த வருஷத்துக்கென்று கர்த்தர் நமக்குக் கொடுத்தது அதுதான் என்று எடுத்துக்கொள்வோம். வேதத்துக்குள் வைப்போம், பீரோக் கண்ணாடியில் ஒட்டுவோம். தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு விசுவாசம் என்பது நெடுங்காலம் இப்படிப்பட்ட தனித்தனி வசனங்களாகவே இருந்தது. அந்தப் பழக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள்தாம் பரீட்சை அறையிலும் பிரசவ அறையிலும் எனக்குத் துணையாக வந்தன.

ஆனால் வேதத்தைப் புத்தகம் புத்தகமாக வாசிக்கத் தொடங்கிய பிறகு நான் எதை நம்புகிறேன் என்பதே மாறிப்போனது. அதற்குக் காரணம் என் மாமியார்.

ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. தம் ஜனங்களைக் குறித்துத் தமக்கு நல்ல எண்ணமே உண்டு என்று கர்த்தர் சொல்கிற வசனம். உலகத்தில் மிக அதிகமாகச் சுவரில் மாட்டப்படும் வசனங்களில் ஒன்று. புதுவருஷம் பிறந்து கொஞ்ச நாளில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்த அட்டையைக் கையில் எடுத்து, "பாருங்க, கர்த்தர் முன்னாலயே சொல்லிட்டார். சீக்கிரமே எழும்பி நடப்பார்" என்றார்கள். நானும் அதையே இறுகப் பிடித்துக்கொண்டேன். மாசங்கள் போயின. அவர் எழும்பவில்லை.

அத்தைக்கு அப்போது கண்பார்வை நன்றாக மங்கிவிட்டது. குடும்ப ஜெபத்தில் நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் அந்த வசனத்தை எடுத்து வாசிக்கப் போனபோது, "அந்த ஒண்ண மட்டும் எத்தன தடவம்மா வாசிப்ப? மேலேருந்து வாசி. அவுக யாருக்கு எழுதுனாக, என்னத்துக்கு எழுதுனாகன்னு கேப்போம்" என்றார். மேலேயிருந்து என்றால் அந்த அதிகாரத்தின் தொடக்கத்தோடு அவர் விடவில்லை. முந்தின அதிகாரத்துக்கும் போகச் சொன்னார்.

கி.மு. 597-ல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அரசன் எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர் முதலான கைத்தொழிலாளிகளையும் சிறையிருப்புக்குக் கொண்டுபோனான். சிலகாலம் கழித்து அனனியா என்றொரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எழுந்து, இரண்டே வருஷத்தில் அத்தனை பேரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறார். எரேமியாவின் கழுத்தில் அடையாளமாகக் கிடந்த நுகத்தடியைப் பிடுங்கி உடைத்தும் போடுகிறார். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அதைக் கேட்டதும் எரேமியா முதலில் ஆமென் சொல்வது. அப்படியே நடந்தால் நல்லதுதான் என்று அவரும் ஆசைப்படுகிறார். ஆனால் அது கர்த்தருடைய வார்த்தை அல்ல என்று பிறகு அவர் சொல்லவேண்டி வருகிறது.

அதற்கடுத்த அதிகாரம் எரேமியா பாபிலோனில் இருந்தவர்களுக்கு அனுப்பிய கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், உங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிற அந்த ஊரின் நன்மைக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று எழுதுகிறார். திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்கிறார். அட்டையில் இருக்கிற வசனம் அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் வயசானவர்கள் ஒருவரும் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க முடியாது. அந்த நல்ல எண்ணம் அவர்களுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது.

வாசித்து முடித்ததும் அன்று எங்கள் வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, கையிலிருந்ததை யாரோ பறித்துக்கொண்டதைப் போல. ஆனால் அந்த வாரத்துக்குள்ளேயே எங்கள் வீடு வேறு மாதிரி நடக்க ஆரம்பித்தது. அதுவரை எல்லாவற்றையும் அவர் எழும்பி நடக்கும் நாளுக்கென்று தள்ளிவைத்திருந்தோம். குளியலறையில் கைப்பிடி வைத்தால்கூட அவிசுவாசமாகிவிடுமோ என்று பயந்திருந்தேன். கொத்தனாரை அழைத்துக் கைப்பிடி வைத்தோம், வாசற்படியைச் சரிவாக்கினோம். அவர் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகி, வங்கியில் போய் அதைப் பதிந்துவிட்டு வந்தார். இரண்டு வருஷம் என்று அனனியா சொன்னதைத்தான் நான் வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெரிந்தது. அன்றுமுதல் என் ஜெபமும் மாறியது. சுகத்தைக் கேட்பதை நான் நிறுத்தவில்லை. இன்றைய நாளை வாழும் பலத்தையும் சேர்த்துக் கேட்கிறேன்.

இதற்குப் பிறகு எந்த வசனம் மனதில் தைத்தாலும் அதற்கு மேலே ஒரு அதிகாரம், கீழே ஒரு அதிகாரம் வாசித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். வேதம் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிலிப்பியர் 4:13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் என்னால் ஆகும் என்று வேலைக்கும் போட்டிக்கும் போகும் பிள்ளைகள் சொல்லிக்கொள்கிற வசனம். அதற்கு முந்தின வரிகளில் பவுல் பேசுவது பட்டினியையும் நிறைவையும் ஒன்றுபோலத் தாங்கப் பழகியதைப் பற்றி. அதை அவர் எழுதியது விலங்கிடப்பட்டுக் காவலில் இருந்தபோது. வேலை கிடைக்காத பிள்ளைக்கும் அந்த வசனத்தில் இடம் உண்டு என்பது மேலேயிருந்து வாசித்தால்தான் தெரியும்.

கூடுமானால் ஒரு புத்தகத்தை ஒரே அமர்வில், வாய்விட்டு வாசியுங்கள். இன்று நாம் பார்க்கும் அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர் 1551-ல் போட்டவை. பவுலின் கடிதங்களை முதலில் கேட்ட சபையார் யாரும் வசன எண்ணைத் தேடவில்லை, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். பிலேமோன் இருபத்தைந்தே வசனம். மாற்கு சுவிசேஷம் முழுவதையும் ஒரு மாலையில் வாசித்துவிடலாம். அப்படி வாசித்தபோதுதான் சீஷர்கள் எவ்வளவு பயந்தவர்கள் என்பதும், அந்தப் பயத்தோடேயே அவர்களை இயேசு கூட அழைத்துப்போகிறார் என்பதும் எனக்கு உறைத்தது. வருஷத்துக்குள் முழு வேதத்தையும் முடிக்கும் அட்டவணை நல்லதுதான். ஆனால் 1189 அதிகாரத்தை வருஷக் கணக்கில் வகுத்தால் தினம் மூன்றுக்கு மேல் வரும். பின்தங்கிவிட்டால் குற்றவுணர்ச்சி மட்டும் மிச்சமாகும். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

அவர்களுக்கு நான் சொல்வது புலம்பலும் சங்கீதமும். முறையிடுவது அவிசுவாசம் என்று சின்ன வயசிலிருந்தே நினைத்திருந்தவள் நான். நோயாளியைக் கவனிக்கும் வீட்டில் முறுமுறுப்பு வராமல் இருக்காது, ராத்திரியில் அதை அடக்கி அடக்கியே நெஞ்சு இறுகிவிடும். அப்போதுதான் 88-ஆம் சங்கீதத்தை முடிவுவரை வாசித்தேன். மற்ற முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் எங்காவது ஒரு துதி வரும். இதில் வரவே இல்லை. இருட்டில்தான் முடிகிறது. அதையும் ஜெபமென்று பரிசுத்த வேதாகமத்தில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். புலம்பல் மூன்றாம் அதிகாரத்தில் தேவனுடைய இரக்கம் காலைதோறும் புதிதாவதைப் பற்றிய வசனம் எல்லாருக்கும் தெரியும். அதோடு அந்தப் புத்தகம் முடிவதில்லை. இன்னும் இரண்டு அதிகாரம் அழுதுவிட்டு, எங்களை முற்றிலும் தள்ளிவிட்டீரோ என்கிற கலக்கத்தோடு முடிகிறது. யோபின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபித்துக்கொள்வது, தம்மை நியாயப்படுத்திப் பேசின சிநேகிதர்கள்மேல். கத்திக் கேள்வி கேட்ட யோபைச் சரியாய்ப் பேசினவன் என்கிறார். இதையெல்லாம் வாசித்தபிறகு என் கோபத்தையும் ஜெபத்துக்குள் கொண்டுவர முடிந்தது. தேவனோடு நான் நெருங்கியது அந்த மாசங்களில்தான்.

ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் இப்போது நான் வாக்குத்தத்தம் சொல்வதில்லை. என்ன வாசிக்கட்டும் என்று கேட்பேன். தெரியாது என்றால் 13-ஆம் சங்கீதம் வாசிப்பேன். ஆறே வசனம், எதுவரைக்கும் என்ற கேள்வியோடு தொடங்கும். பலர் அந்த முதல் வரியிலேயே அழுதுவிடுவார்கள். நான் நிறுத்திக் காத்திருந்து பிறகு தொடர்வேன்.

விளங்காத பகுதிகளும் உண்டு. 137-ஆம் சங்கீதம் ஆற்றங்கரை அழுகையோடு தொடங்கி, சத்துருவின் குழந்தைகள்மேல் வஞ்சம் தீர்ப்பதில் முடிகிறது. யோசுவாவில் ஊர் ஊராக வெட்டிக் கொல்கிறார்கள். இவற்றுக்கு அவசரமாகச் சமாதானம் சொல்லும் புத்தகங்களைப் படித்துப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். திரும்ப வரும்போது சில கோடுகளை அழிக்க முடிகிறது, சிலது அப்படியே இருக்கிறது. அந்தக் கோடுகளோடும் விசுவாசிக்கலாம் என்று நம்புகிறேன். தனக்குள்ளே விசுவாசமும் அவிசுவாசமும் சேர்ந்தே இருப்பதாக இயேசுவிடம் ஒத்துக்கொண்ட ஒரு தகப்பனின் மகன் சுகமானான் என்று மாற்கு ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறதே.

தனியாக வாசிப்பதைவிடச் சேர்ந்து வாசிப்பது கடினம். எங்கள் தெருப் பெண்கள் சிலரோடு ஆமோஸ் வாசித்தோம். தெக்கோவா ஊரில் மந்தை மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். ஏழைகளிடம் அடகாக வாங்கின துணியைப் பலிபீடத்துப் பக்கத்திலேயே விரித்துப் படுக்கிறார்கள் என்று அவர் குற்றம் சாட்டும் இடம் வந்தது. வட்டிக்குக் கொடுப்பவர்களும் வட்டிக்கு வாங்கினவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். வாங்கினவர்களில் ஒருத்தி, "யக்கா, இது நம்ம ஊரப் பத்தியா எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டாள். பெரிய வாக்குவாதம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வராமல் நின்றுவிட்டார்கள், ஒருத்தி கொஞ்ச நாளில் திரும்ப வந்தாள். அந்த வாக்குவாதத்துக்குப் பிறகு, சபை விருந்தான அசனப் பண்டிகைக்குச் சேர்க்கிற பணத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்து, ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் வட்டியில்லாமல் கொடுக்கிறோம். திருப்பித் தராதவர்களை என்ன செய்வது என்பதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. இப்போது மீகா வாசிக்கிறோம்.