கலைத்தலும் காடு வளர்ப்பும்

இன்று கேரளத்திலுள்ள நிலம்பூர் 1840களில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. மலபார் ஆட்சியர் கனோலியின் முயற்சியாலும் சாத்து மேனனின் உழைப்பாலும் அங்குத் தேக்குத் தோட்டங்கள் உருவாயின.

தேக்கங்கன்றுகளை நெருக்கமாக நடுவது வழக்கம். இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் 2500 கன்றுகள் நிற்கும். தொடக்கத்தில் நெருக்கம் நன்மையே. ஒளியை நாடிக் கன்றுகள் நேராக உயர்கின்றன. நிழலில் பக்கக் கிளைகள் உதிர்கின்றன.

சில ஆண்டுகளில் மரங்களின் தலைப்பகுதிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அப்போது, உழவர் பயிர் கலைப்பதைப் போலவே, காட்டிலும் கலைத்தல் தொடங்குகிறது. முதன்முறை ஏறத்தாழப் பாதி மரங்கள் வெட்டப்படும். பின்னர் நலிந்தனவும் கோணியனவும் நோயுற்றனவும் நீக்கப்படும். வளரும் மரத்தை வெட்டுதல் தீங்கன்றோ என ஐயுறலாம். வெட்டாது விட்டாலும் நெருக்கத்தால் பல மரங்கள் பட்டுப்போகும். அதற்குள் எஞ்சியவையும் மெலிந்துவிடும். மெலிந்த மரம் பூச்சிக்கும் நோய்க்கும் எளிதில் இரையாகும்.

கலைத்தபின் உயரம் பெரிதும் மாறுவதில்லை, பருமனே மிகுகிறது. விரிந்த இலைப்பரப்பு மிகுதியான உணவைத் தயாரிப்பதால் ஆண்டு வளையங்கள் அகலமாகின்றன. கோடையில் வேர்களுக்கிடையே நீருக்கான போட்டியும் தணிகிறது.

அளவு மீறிக் கலைத்தாலோ, திடீரெனப் பாயும் ஒளியால் அடிமரத்தில் புதுக்கிளைகள் வெடித்துக் கட்டையின் தரம் கெடும், களை மண்டும், துணையிழந்த ஒல்லி மரங்களைக் காற்றுச் சாய்க்கும். அதனால் தேக்குத் தோட்டங்களில் இப்பணி ஒரே முறையில் முடிக்கப்படுவதில்லை. ஆண்டுகள் பல இடைவிட்டு, மரங்களின் நிலையைப் பார்த்துப் பார்த்துச் செய்யப்படுகிறது.