ஓடுகிற நகல் எல்லாம் சரியான நகலா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் சித்தப்பா 1998 முதல் 2001 வரை ஊருக்கு வரும்போதெல்லாம் வாங்கி வந்த பிளேஸ்டேஷன் கேம் சிடிகள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் ஒரிஜினல். கீறல் விழுந்து வீணாவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று ஐஎஸ்ஓ ஃபைலாக நகல் எடுத்தேன். பெரும்பாலானவை எமுலேட்டரில் நன்றாக ஓடுகின்றன. ஒரு ரேஸ் கேமில் மட்டும் பாட்டே கேட்கவில்லை. இன்னொரு கேம் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது. ரேஸ் கேமை பின்-கியூ முறையில் என் டிரைவிலும் நண்பரின் டிரைவிலும் மறுபடி எடுத்தேன். பாட்டு வந்துவிட்டது, ஆனால் இரண்டு நகலின் ஹாஷ் எண்ணும் வேறு வேறாக இருக்கின்றன. இதில் எது சரி? இவ்வளவு பாடு எதற்கு, நெட்டில் கிடைப்பதை இறக்கிக்கொண்டால் போதாதா?
- வாசகர், திருச்சி

பதில்: உங்கள் மூன்று சிக்கலுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு. அதற்கு முன் ஒன்று: கேம் ஓடுகிறது என்பதை வைத்து நகல் சரி என்று முடிவு கட்டாதீர்கள். பத்தாவது லெவலில் வரும் ஒரு குரல் பதிவு பாதி அறுந்திருந்தாலும் முதல் ஒன்பது லெவல் ஒழுங்காகத்தான் ஓடும். நகல் சரியா என்று சொல்ல வேண்டியது கணக்கு.

முதலில் பாட்டு. சிடியில் தகவல் செக்டர் செக்டராக இருக்கிறது. வினாடிக்கு 75 செக்டர், ஒவ்வொன்றும் 2352 பைட். பிளேஸ்டேஷன் சிடியின் சாதாரணத் தரவு செக்டர் ஒன்றைப் பிரித்தால் 12 பைட் ஒத்திசைவுக் குறி, 4 பைட் முகவரி, 8 பைட் துணைத் தலைப்பு, 2048 பைட் தரவு, 4 பைட் பிழை கண்டறியும் எண், 276 பைட் பிழை திருத்தும் பகுதி என்று வரும். ஐஎஸ்ஓ இந்த 2048 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. 74 நிமிட சிடி முழுவதும் நிரம்பியிருந்தால் 3,33,000 செக்டர். அதன் மொத்த அளவு சுமார் 78.3 கோடி பைட். ஐஎஸ்ஓவில் மிஞ்சுவது 68.2 கோடி.

விட்டுப்போனது வெறும் உறை என்றால் கவலையில்லை. ஆனால் பிளேஸ்டேஷன் கேம்களில் பேச்சும் பின்னணி இசையும் பல சமயம் எக்ஸ்ஏ என்ற வகை செக்டர்களில் இருக்கும். அவற்றில் பிழை திருத்தும் பகுதி கிடையாது. அந்த இடத்தையும் சேர்த்துத் தரவுக்கு 2324 பைட். அதை 2048 என்று வெட்டினால் ஒவ்வொரு செக்டரிலும் ஒலியின் வால் போய்விடும். இது போக, சில கேம்களில் முதல் டிராக்கில் கேமும் இரண்டாவது டிராக்கிலிருந்து சாதாரண ஆடியோ சிடியைப் போலப் பாட்டுகளும் இருக்கும். அந்தப் பாட்டுகளை ஐஎஸ்ஓ தொடுவதே இல்லை. ‘ரிட்ஜ் ரேசர்’ இப்படிப்பட்டதுதான். கேம் ஏறி முடிந்ததும் சிடியை வெளியே எடுத்துவிட்டு வேறு ஆடியோ சிடியைப் போட்டு, பிடித்த பாட்டோடு வண்டி ஓட்டலாம். உங்கள் ரேஸ் கேமும் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் ஒன்றுக்கு ஐஎஸ்ஓ வேண்டவே வேண்டாம். டிராக் டிராக்காகப் பின் ஃபைல், அவற்றின் வரிசையைச் சொல்லும் கியூ ஃபைல் என்றுதான் எடுக்க வேண்டும். எடுத்ததும் ஒவ்வொரு பின் ஃபைலின் அளவையும் 2352-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் அந்த நகலைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது ஹாஷ், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண். தரவு செக்டருக்கு முகவரி எழுதியிருக்கிறது, ஒத்திசைவுக் குறியும் இருக்கிறது. அந்த 12 பைட் எப்போதும் ஒரே மாதிரி: ஒரு 00, பத்து எஃப்எஃப், மறுபடி ஒரு 00. அதைப் பார்த்து டிரைவ் செக்டரின் தொடக்கத்தைச் சரியாகப் பிடித்துவிடும். பாட்டு செக்டருக்கு இரண்டும் கிடையாது. 2352 பைட்டும் ஒலிதான். எங்கே தொடங்குகிறது என்பதில் ஒவ்வொரு டிரைவ் மாடலும் தனக்கென்று ஒரு நிலையான அளவு முன்பின்னாகப் படிக்கும். இதை ஆஃப்செட் என்கிறோம். பிளெக்ஸ்டரின் பிற்கால டிரைவ்கள் பலவற்றுக்கு இது +30 சாம்பிள். இன்று கடையில் கிடைக்கும் எல்ஜி, ஆசஸ் டிரைவ்கள் சிலவற்றுக்கு +6. ஒரு சாம்பிள் 4 பைட். ஆக, இந்த இரண்டு டிரைவில் எடுத்த பாட்டு டிராக்குகளுக்கு நடுவே 96 பைட் நகர்வு இருக்கும். நேரக் கணக்கில் இது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்தக் காதுக்கும் தெரியாது. ஹாஷ் எண் மட்டும் அடியோடு மாறிவிடும்.

உங்கள் இரண்டு நகலிலும் திருத்தம் செய்யாததால் இரண்டுமே முழுச் சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். டிரைவின் நகர்வு ஒன்று, சிடியை ஆலையில் அச்சிடும்போதே புகுந்துவிட்ட நகர்வு இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். ரீடம்பர், டிஸ்க்இமேஜ்கிரியேட்டர் போன்ற மென்பொருள்கள் தரவு டிராக்கின் ஒத்திசைவுக் குறியையே அளவுகோலாக வைத்து இந்தக் கணக்கைத் தாமே போட்டுவிடும். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பழக்கமில்லை என்றால் இவற்றை இயக்கித் தரும் எம்பிஎஃப் என்ற முகப்பு இருக்கிறது. ஆனால் எல்லா டிரைவும் இந்த வேலைக்கு ஆகாது. மென்பொருளின் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மூன்றாவது, பாதியில் நிற்கும் கேம். சிடி லண்டனில் வாங்கியது என்று நீங்கள் சொன்னதுதான் இதற்குத் துப்பு. சிடியின் மேல் எஸ்எல்ஈஎஸ் அல்லது எஸ்சிஈஎஸ் என்று தொடங்கும் எண் அச்சிட்டிருந்தால் அது ஐரோப்பியப் பதிப்பு. 1990-களின் இறுதியிலிருந்து அங்கே வந்த பல கேம்களில் லிப்கிரிப்ட் என்ற காப்புமுறை இருக்கிறது. ‘மெடிஈவில்’, ‘ஃபைனல் ஃபேன்டஸி 8’, ‘ஸ்பைரோ: இயர் ஆஃப் தி டிராகன்’ ஆகியவற்றின் ஐரோப்பியப் பதிப்புகள் இதற்கு உதாரணம்.

இது வேலை செய்யும் விதம் சாமர்த்தியமானது. 2352 பைட்டுக்கு வெளியே ஒவ்வொரு செக்டருக்கும் 96 பைட் துணைத்தடம் உண்டு. எந்த டிராக், எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது வினாடி என்பதை அதிலுள்ள கியூ தடம் சொல்கிறது. குறிப்பிட்ட சில செக்டர்களில் மட்டும் இந்த நேரக் கணக்கை வேண்டுமென்றே பிசகாக அச்சிட்டிருப்பார்கள். கேம் அந்த இடங்களைப் படித்து 16 பிட் சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். சாவி தவறினால் வழியில் எங்கோ நின்றுவிடும். பின் ஃபைலில் துணைத்தடம் இல்லை என்பதால் பைட் பிசகாமல் எடுத்த நகல்கூட இங்கே தோற்கும். துணைத்தடத்தையும் சேர்த்துப் படித்து, மாற்றிய செக்டர்களின் பட்டியலை எஸ்பிஐ என்ற சின்ன ஃபைலாகப் பக்கத்தில் வைக்க வேண்டும். எமுலேட்டர் அதைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பிசகைக் கண்டதும் ‘பிழை, திருத்திவிடுவோம்’ என்று இறங்கும் நகல் மென்பொருளிடமிருந்து விலகி இருங்கள். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பவர் கல்லில் இருக்கும் எழுத்துப் பிழையையும் அப்படியேதான் படியில் கொண்டுவருவார். இங்கேயும் அதே கட்டுப்பாடு வேண்டும். பழைய கம்ப்யூட்டர் கேம்களில் வந்த சேஃப்டிஸ்க் காப்புமுறை, படிக்கவே முடியாத செக்டர்களை வேண்டுமென்றே வைத்தது. அதையெல்லாம் சுத்தம் செய்த நகல் ஓடலாம். அது அந்த சிடியின் நகல் ஆகாது.

சரி, ஒழுங்காக எடுத்தாயிற்று என்பதை எப்படி உறுதி செய்வது? இரண்டு படி இருக்கிறது. முதல் படியை வீட்டிலேயே செய்துவிடலாம். தரவு செக்டரில் உள்ள 4 பைட் பிழை கண்டறியும் எண்ணை மென்பொருள் ஒவ்வொன்றாகச் சோதித்து, எத்தனை செக்டர் பழுது என்று சொல்லிவிடும். எக்ஸ்ஏ செக்டர்களில் சில சமயம் அந்த இடம் காலியாக இருக்கும், அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். பாட்டு டிராக்குக்கு இந்த வசதி கிடையாது. அங்கே டிரைவ் தரும் சி2 பிழைச் சுட்டிகளைத்தான் நம்ப வேண்டும். சுட்டி வந்த இடத்தை, வராத வரைக்கும் மறுபடி மறுபடி படிக்க வேண்டும்.

இரண்டாவது படிதான் தீர்ப்பு. ரீடம்ப் என்ற தன்னார்வத் திட்டம் உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் டிஸ்க்குகளிலிருந்து எடுத்த நகல்களின் அளவையும் ஹாஷ் எண்களையும் டிராக் வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. கேம்களை அது தருவதில்லை. எண்களை மட்டுமே தருகிறது. எட்டு இலக்க சிஆர்சி32, 32 இலக்க எம்டி5, 40 இலக்க ஷா-1 மூன்றும் அதில் இருக்கும். உங்கள் ஃபைலின் எண்ணைப் பார்க்க விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் கட்டளை இருக்கிறது, லினக்ஸில் ஷா1சம். ஒரே ஷா-1 வரும் இரண்டு வெவ்வேறு ஃபைல்களை 2017-இல் ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டியது உண்மைதான். அது திட்டமிட்டுச் செய்யும் மோசடிக்கான எச்சரிக்கை. கீறலாலும் கெட்ட டிரைவாலும் வரும் பிழையைப் பிடிக்க இந்த எண்கள் தாராளமாகப் போதும்.

எண் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே சிடியைக் குறை சொல்லாதீர்கள். எது ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். முதல் டிராக் சரியாக இருந்து பாட்டு டிராக்குகள் எல்லாமே வேறுபட்டால் அது ஆஃப்செட் தவறு. ஒரே ஒரு பாட்டு மட்டும் வேறுபட்டால் அந்த இடத்தில் கீறல் அல்லது அழுக்கு. துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். பிழைச் சோதனையில் பூஜ்யம் வந்தும் முதல் டிராக் வேறுபட்டால் உங்களிடம் இருப்பது வேறு பதிப்பாக இருக்கலாம். ஒரே கேம், ஒரே அட்டைப்படம், பிழை திருத்திப் பிறகு அச்சிட்டது என்று பல உண்டு. ஐரோப்பாவில் குறைந்த விலைக்கு விட்ட பிளாட்டினம் பதிப்புகளில் இதை எதிர்பார்க்கலாம். சிடியின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நடு ஓட்டையைச் சுற்றி பொடி எழுத்தில் ஓர் எண் தெரியும். ஆலையில் பொறித்த அந்த எண்தான் எந்த அச்சு என்பதற்கு அடையாளம். அதையும் குறித்து வையுங்கள்.

நெட்டில் இறக்கினால் போதாதா என்று கேட்டீர்கள். போதாது. அது எந்தச் சிடியிலிருந்து, எந்த டிரைவில், என்ன திருத்தத்தோடு எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. சட்டமும் குறுக்கே நிற்கும். முறையாக வைத்திருப்பவர், இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காத்துக்கொள்ள கம்ப்யூட்டர் நிரலுக்கு நகல் எடுத்துக்கொள்வதை 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஊருக்கெல்லாம் பகிர்வதை அது அனுமதிக்கவில்லை.

நகல் எடுத்த பிறகும் சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரிஜினல் சிடியின் தொடக்கப் பகுதியில் தடத்தையே லேசாக நெளித்து எஸ்சிஈஈ என்ற நான்கெழுத்தைப் பதித்திருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் ஒரிஜினலை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். கம்ப்யூட்டர் டிரைவில் எடுக்கும் எந்த நகலிலும் அது வராது. சிடியில் தகவல் அடுக்கு இருப்பது படம் அச்சிட்ட மேல்பக்கத்தை ஒட்டித்தான். பளபளக்கும் அடிப்பக்கத்துக் கீறலைவிட மேல்பக்கத்துக் கீறலே ஆபத்து. மேலே பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். பின், கியூ, எஸ்பிஐ ஃபைல்களையும் ஹாஷ் பட்டியலையும் இரண்டு வேறு ஹார்டு டிஸ்க்கில் வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை எண்களை மறுபடி சரிபாருங்கள்.

அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டுச் சொன்னது. அவற்றில் பல, உங்களைப் போன்றவர்களின் அலமாரியில்தான் மிஞ்சியிருக்கின்றன. ரீடம்ப் பட்டியலில் ஒருவர் மட்டுமே எண் கொடுத்த பதிவு உறுதியானதாகக் கருதப்படுவதில்லை. வேறொருவர் தம் சிடியிலிருந்து எடுத்த நகலும் ஒத்துப்போனால்தான் அது சரிபார்க்கப்பட்டதாகும். உங்கள் சிடிகளை ஒன்றுவிடாமல் எடுத்து முடித்ததும் அந்த எண்களைப் பட்டியலுக்கு அனுப்பி வையுங்கள். ஒத்துப்போனால் யாரோ ஒருவருடைய உழைப்பு உறுதியாகும். ஒத்துப்போகாமல் போனால், இதுவரை பதிவாகாத அச்சு ஒன்று உங்கள் வீட்டில் இருக்கக்கூடும்.