அபராதச் சீட்டைப் படிக்கத் தெரியுமா?



சனிக்கிழமை மாலை. திருத்தங்கல் பக்கம் ஒரு வீடு. பட்டாசு ஆலை வேலை முடிந்து வாரக்கூலியுடன் திரும்பிய தந்தை, சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் நீட்டுகிறார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு தாயி. வழியில வண்டிய நிப்பாட்டிக் குடுத்தாக."

"எவ்வளவு கட்டணுமாம்?" என்று அடுப்படியிலிருந்து தாயின் குரல் வருகிறது.

"கட்டாம விட்டுருங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு. ஐந்நூறு குடுத்தா முடிச்சிரலாம்" என்கிறார் இன்னொருவர். எல்லாருடைய கண்களும் மகளை நோக்குகின்றன. அந்த வீட்டில் சீட்டைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இது கற்பனை வீடு. ஆனால் நம்மில் பலருடைய வீட்டுக்கு இது வெகு தொலைவில் இல்லை. அந்த வேளையில் அம்மகள் என்ன சொல்ல வேண்டும் என்பதே இன்றைய பாடம்.

சீட்டு எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் மோட்டார் வாகனங்களுக்கென 1914இல் ஒரு சட்டமும், 1939இல் விரிவான மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. இன்று நடைமுறையில் இருப்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். இது 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. 2019இல் இச்சட்டம் திருத்தப்பட்டு அபராதங்கள் பன்மடங்காக உயர்ந்தன. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

சீட்டு என்பது தண்டனை அன்று. அது ஒரு குற்றச்சாட்டு. "இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன விதியை மீறினீர்" என்று அது கூறுகிறது. குற்றச்சாட்டு என்றால் அதற்குப் பதில் சொல்லும் கடமையும் உண்டு, உரிமையும் உண்டு. இவ்வொன்றை மட்டும் மறவாதிருந்தால் பாடத்தில் பாதி முடிந்தது.

சீட்டில் பார்க்க வேண்டியவை

முதலில் தொகையைப் பார்க்காதீர்கள். கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. வண்டி எண். ஓர் எழுத்து, ஓர் இலக்கம் தவறினாலும் அது வேறொருவர் வண்டி.

2. நாள், நேரம், இடம். அன்று அப்பா அங்கே இருந்தாரா?

3. சட்டப்பிரிவு. அபராதம் எதற்கு என்பதை இதுவே சொல்லும். 194டி என்றால் தலைக்கவசம் இல்லை. 194சி என்றால் இரு சக்கர வண்டியில் மூவர். 194பி என்றால் இருக்கைப் பட்டை அணியவில்லை. இம்மூன்றுக்கும் 1,000 ரூபாய். 181 என்றால் உரிமம் இன்றி ஓட்டியது, 5,000 ரூபாய். 196 என்றால் காப்பீடு இல்லை. முதல் முறைக்கு 2,000 ரூபாய்.

4. சலான் எண். இனி எங்கே விசாரிப்பதானாலும் இதுவே திறவுகோல்.

கேமரா படம் பிடித்து அனுப்பும் அறிவிப்பானால், 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதிப்படி, வண்டி எண் தெளிவாகத் தெரியும் படமும், நாள், நேரம், இடம், சட்டப்பிரிவு ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நம் வீட்டு வண்டி மொபெட்டாக இருக்க, படத்தில் நிற்பது புல்லட்டாக இருந்தால், எண் மாறிப் பதிவாகிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

உரிமத்தைக் காவலர் வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும் என்று 206ஆம் பிரிவு கூறுகிறது. அதைக் கேட்டு வாங்குவது எதிர்த்துப் பேசுவது ஆகாது. பணிவுடன் கேட்கலாம்.

இரு வழிகள்

தவறு உண்மையானால் கட்டிவிடுவதே நேர்மையான வழி. சிறு விதிமீறல்கள் பலவற்றை, 200ஆம் பிரிவின்படி, அரசு அதிகாரம் அளித்த அலுவலரிடம் இணக்கத் தொகை கட்டி, நீதிமன்றம் செல்லாமலே முடித்துக்கொள்ளலாம். பரிவாஹன் இ-சலான் இணையதளத்திலும் கட்டலாம். எங்கே கட்டினாலும் இரசீது வேண்டும். இரசீது இல்லாமல் கொடுத்த பணம் அபராதம் ஆகாது, அது லஞ்சம். "ஐந்நூறில் முடித்துவிடலாம்" என்றவரின் வழியில் பணமும் போகும், சலானும் அப்படியே நிற்கும், நம் கையில் சான்றும் இராது. லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

தவறு நம்முடையது அன்று எனில் மறுக்கலாம். இணையதளத்தில் குறை தெரிவிக்கும் வசதி உண்டு. வழக்கு நீதிமன்றம் சென்றால், நீதித்துறை நடுவர் முன் "நான் குற்றவாளி அல்லன்" என்று சொல்லிச் சான்று காட்டலாம். அன்று ஆலையில் கையெழுத்திட்ட வருகைப் பதிவேடு கூட ஒரு சான்றுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு மறுக்க முடியாது. முதலில் படித்து, பிறகு முடிவு செய்து, அதன்பின் கட்ட வேண்டும்.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு இணக்கத் தொகையில் முடியாது; நீதிமன்றம் சென்றே ஆக வேண்டும். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

கட்டாமல் விட்டால்? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுபோல் ஒன்றும் ஆகாமல் இராது. சலான் நீதிமன்றம் செல்லும்; சம்மன் வரும்; அதற்கும் பதில் இல்லையெனில் வாரண்டு வரை போகலாம். சிறு வழக்குகளில் நேரில் வராமலே குற்றத்தை ஒப்புக்கொண்டு தொகை செலுத்தவும், வழக்கறிஞர் மூலம் பதில் சொல்லவும் 208ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. மணியார்டர் கூப்பனிலேயே ஒப்புதலை எழுதி அனுப்பலாம் என்று கூட அப்பிரிவில் காணலாம். ஒரு நாள் கூலியை இழந்து வாசலில் காத்திருக்க முடியாத ஏழைகளையும் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது!

எந்த நீதிமன்றம்?

வண்டியின் பதிவெண்ணை வைத்து நீதிமன்றத்தைத் தேடக் கூடாது. டி.என். 67 விருதுநகர், டி.என். 84 திருவில்லிபுத்தூர், டி.என். 95 சிவகாசி என்பவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் குறியீடுகள் மட்டுமே. விதிமீறல் எங்கே நடந்ததோ அந்த எல்லைக்குரிய நடுவர் மன்றமே வழக்கைக் கேட்கும். நான்குவழிச் சாலையில் சாத்தூர் அருகே நடந்தால் சாத்தூர். சிவகாசி நகரில் நடந்தால் சிவகாசி.

இங்கே பலர் ஏமாறுவது ஒன்று உண்டு. 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து, காமராசர் மாவட்டம் என்ற பெயரோடு தோன்றி, 1997இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறியது நம் மாவட்டம். ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருப்பினும், முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது திருவில்லிபுத்தூரில்! விவரம் அறியாமல் ஓர் ஊருக்குப் பதில் வேறோர் ஊருக்குப் பேருந்து ஏறுவோர் உண்டு.

வழக்கேட்டைத் தேடுவது எப்படி?

நீதிமன்றப் பதிவேடுகள் இரகசியம் அல்ல. இ-கோர்ட்ஸ் சேவை இணையதளத்தில் தமிழ்நாடு, விருதுநகர் மாவட்டம், பிறகு நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால், வழக்கு எண், தரப்பினர் பெயர் முதலியவற்றைக் கொண்டு தேடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. வழக்கு ஒவ்வொன்றுக்கும் சி.என்.ஆர். என்னும் 16 எழுத்து-இலக்க அடையாளம் உண்டு. அது கையில் இருந்தால் தேடல் நொடியில் முடியும். சிறு வழக்குகள் பெரும்பாலும் எஸ்.டி.சி. என்ற வகையில் இருக்கும். பெயரால் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் பாருங்கள். முருகேசன் என்ற பெயரையே நான்கு விதமாக எழுதுவார்கள்.

அங்கே கிடைக்கவில்லையென்றால் வழக்கு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நீதிமன்றம் எண் கொடுத்த பிறகே வழக்கு பட்டியலில் ஏறும். அதற்கு முன் பரிவாஹன் தளத்தில் சலான் எண்ணாலோ வண்டி எண்ணாலோ பார்க்கலாம். இரண்டிலும் தெளிவு பிறக்காவிடில் நீதிமன்ற அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். முடிந்த வழக்கின் தீர்ப்பு வேண்டுமானால் நகல் மனுக் கொடுத்துச் சான்றிட்ட நகல் பெறலாம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

போலிச் சீட்டு

இக்காலத்தில் கைப்பேசிக்கும் சலான் வருகிறது. கூடவே திருடனும் வருகிறான். "உங்கள் வண்டிக்கு அபராதம், இதைத் தொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு வந்தால் தொடாதீர்கள். அது கைப்பேசிக்குள் புகுந்து வங்கிப் பணத்தைச் சுருட்டும் சூழ்ச்சி. செய்தியில் வந்த இணைப்பை விட்டுவிட்டு, நாமே அரசுத் தளத்தைத் திறந்து வண்டி எண்ணை இட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு. பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

உங்களுக்காக ஒரு சொல்

"டியூஷனுக்குத்தானே, ஸ்கூட்டரில் போய் வருகிறேன்" என்று வீட்டில் கேட்கும் மாணவிகளே, 199ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமம் பெறும் வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது வண்டிக்கு உரியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதம் இரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. பெற்றோரே, அன்பினால் கொடுக்கும் சாவி அவர்களுக்கு நன்மை செய்யாது.

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். மகள் சீட்டைப் படித்தாள். வண்டி எண் சரி, நாள் சரி, இடம் சரி, பிரிவு 194டி. "அப்பா, ஹெல்மெட் எங்கே இருந்துச்சு?" என்று கேட்டாள். "ஹேண்டில்பார்ல தொங்குச்சு தாயி" என்றார் அவர், மெல்ல. 1,000 ரூபாயுடன் மூன்று மாதம் உரிமம் இழக்கவும் இப்பிரிவு இடம் தருகிறது என்று அவள் படித்துச் சொன்னபோது, வீட்டில் சற்று நேரம் பேச்சில்லை. வண்டி ஓடாவிட்டால் ஆலைக்கு எப்படிப் போவது?

மறுநாள் தந்தை அபராதத்தைக் கட்டினார். இரசீது ரேஷன் அட்டையோடு பெட்டிக்குள் போயிற்று. திங்கட்கிழமை காலையில் ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கவில்லை, தலையில் இருந்தது. வாரக்கூலியில் 1,000 ரூபாய் குறைந்தது வருத்தம்தான். ஆனால் மாலையில் தந்தை வீடு திரும்பும் ஓசைக்குக் காத்திருக்கும் மகளுக்கு, அந்தத் தலையின் விலை அதைவிடப் பெரிது அல்லவா?

வீட்டில் செய்து பார்க்க

1. உங்கள் வீட்டு வண்டியின் காப்பீடு எந்த நாள் வரை உள்ளது? பார்த்துக் குறித்து வையுங்கள்.

2. வண்டி எண்ணை இட்டு நிலுவைச் சலான் ஏதும் உண்டா எனப் பெற்றோருடன் அமர்ந்து பாருங்கள்.

3. உங்கள் ஊருக்குரிய நடுவர் மன்றம் எங்கே இருக்கிறது? கேட்டறிந்து எழுதுங்கள்.

4. எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டார் ஒருவருக்கு இப்பாடத்தை வாய்மொழியாகச் சொல்லுங்கள்.