பேஸ் கிதாருக்குத் தட்டைத் தந்தி வாங்குமுன்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் வீணை, வயலின், மிருதங்கம் கற்றுக்கொள்வது போக, இப்போது நாலைந்து வீடுகளிலாவது பேஸ் கிதாரும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இருப்பது புனே கேம்ப் பகுதியில் பழையதாக வாங்கியது. வாசிப்பவன் பதினோராம் வகுப்புப் படிக்கும் பேரன். அதற்குத் தந்தி வாங்கியதில் நான் செய்த தவறை எழுதினால் மற்றவர்களுக்காவது காசு மிஞ்சும்.

பேஸ் தந்தி என்பது ஒற்றைக் கம்பி அல்ல. நடுவே எஃகுக் கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். மேலே சுற்றியது உருண்டைக் கம்பியானால் அது ரவுண்ட்வவுண்ட். தடவினால் திருகாணி மரை போல் நெருடும். நாடா போன்ற தட்டைக் கம்பியானால் ஃபிளாட்வவுண்ட். தடவினால் வழவழவென்று இருக்கும். ரோப்வேயில் பெட்டி ஓடும் நிலைக் கம்பியின் வெளிச்சுற்று, சக்கரத்துக்கு வழவழப்பாக இருக்கும்படி பூட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த யோசனைதான்.

இந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டியது என் மனைவி. அவள் வீணை வாசிப்பவள். "பையன் விரலை இழுக்கும்போதெல்லாம் கீச் கீச்சென்று சத்தம் வருதே, வீணையிலே இப்படி வராதே" என்றாள். நெருடும் தந்தியில் விரல் வழுக்கினால் அந்தக் கீச்சு வரத்தான் செய்யும். வயலின் தந்திகளில் சுற்றுக் கம்பி தட்டையானது என்பதால்தான் எவ்வளவு நீளமான கமகம் இழுத்தாலும் விரல் ஓசை கேட்பதில்லை. நம் பாட்டுகளை வாசிக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல.

வேறு குணங்களும் உண்டு. தட்டைச் சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்கி உரசுவதால் தந்தி எளிதில் வளையாது. மேல் சுரங்கள் சீக்கிரம் அடங்கிவிடும். 'டங்' என்று ஒலிக்காது, 'தும்' என்று ஒலிக்கும். ஃபிரெட் கம்பிகள் தேய்வதும் குறைவு. விலை அதிகம், ஆனால் பல வருடம் உழைக்கும். அமெரிக்காவில் மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கனமான லா பெல்லா தட்டைத் தந்திகளையே போட்டார்; அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம். 1960-களின் நடுவில் இங்கிலாந்தில் உருண்டைச் சுற்றுத் தந்தி பிரபலமானபின் பளீரென்ற ஒலி பரவியது. எது உயர்ந்தது என்று வாதிடுவதில் பயனில்லை. கட்டை விரலால் தட்டி வாசிக்கும் பாணி வேண்டுமென்றால் தட்டைத் தந்தி ஏமாற்றிவிடும்.

என் பேரன் பொங்கல் விழாவுக்கு 'என் இனிய பொன் நிலாவே' வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தான். 1980-இல் வந்த 'மூடுபனி' படப் பாட்டு. இளையராஜாவின் இசையில் பேஸ் வெறும் தாளத் துணையாக நிற்காமல் இரண்டாவது பாடகர் போலவே கூட வரும். அவருக்குப் பல ஆண்டுகள் பேஸ் வாசித்த சசிதரனின் வாசிப்பைத் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். அந்தப் பாட்டில் கீச்சு வரக்கூடாதென்று விழாவுக்கு மூன்று நாள் முன்பு நானே ஒரு செட் தட்டைத் தந்தி வாங்கி வந்து மாட்டினேன். பழைய தந்திகளை ரத்திக்காரருக்குப் போடும் பையில் எறிந்துவிட்டேன்.

மிகத் தடித்த ஈ தந்தியை முறுக்கும்போது, முளையைச் சுற்றி வளைந்த இடத்தில் தட்டை நாடா பிளந்து நின்றது. ரயில்வேயில் மின்கம்பிப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் அளவெடுத்தே பிழைத்தவன், கிதாரை அளக்காமல் கடைக்குப் போயிருக்கிறேன்! பேரன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையைக் கொட்டிப் பழைய தந்திகளைப் பொறுக்கினான். பொங்கலன்று அவற்றோடுதான் வாசித்தான்.

தவறு இதுதான். பெரும்பாலான பேஸ் கிதார்களில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். எங்களுடையது 30 அங்குலக் குட்டை வகை. நான் வாங்கியது நீள வகைக்கானது. தந்தியின் முனையில் நூல் சுற்றிய மெல்லிய பகுதிதான் முளையில் சுற்ற வேண்டும். தடித்த பகுதி நட்டைத் தாண்டி ஓர் அங்குலமாவது வந்து, முளைக்கு முன்னால் முடிய வேண்டும். நீளமான தந்தியில் தடித்த பகுதியே முளை வரை போய்விடுகிறது. ஆகவே நட்டிலிருந்து 12-ஆவது ஃபிரெட் வரை டேப்பால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். பிறகு தந்தியின் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட்டு வரைக்கும், முளை வரைக்கும் தனித்தனியே அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அடுத்தது இழுவிசை. ஒரே தந்தி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 34 அங்குலம் 30 ஆனால் சுமார் 22 விழுக்காடு குறையும், தந்தி தொளதொளக்கும். கடைக்காரர் 45–105 என்று சொல்லும் எண் தடிமன் மட்டுமே, அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குக் கணக்கில், அதாவது 1.14 மில்லிமீட்டரிலிருந்து 2.67 வரை. அதே தடிமனில் ஒரு கம்பெனித் தந்தி விறைப்பாகவும் இன்னொன்று இளக்கமாகவும் இருக்கும். வியன்னாவின் தாமஸ்டிக் இளக்கமானது என்று பெயர் பெற்றது. உறையில் இழுவிசை அச்சிட்டிருந்தால் அதையே பாருங்கள். இளம் விரல்களுக்கு இளக்கமானதே நல்லது.

நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 80 கிலோ விசையோடு இழுக்கின்றன. எங்கள் ரயில் மேல்கம்பி ஒன்றுக்கு 1000 கிலோ. ஆனால் அதைத் தாங்குவது இரும்புக் கம்பம், இது மரம். விறைப்பான செட்டுக்கு மாறினால் கழுத்து வளையலாம். தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவே எட்டாவது ஃபிரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மிக அதிகமானால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடைக் கால் திருகு மட்டும் திருப்பி, மறுநாள் மீண்டும் பாருங்கள். இதில் அவசரம் கூடாது. தடித்த தந்தி நட்டின் பள்ளத்தில் இறங்காவிட்டால் அழுத்தித் திணிக்காமல் தெரிந்தவரிடம் அரம் போடச் சொல்லுங்கள்.

தந்தியை வெட்டுமுன் அந்த இடத்துக்குச் சற்று முன்னால் செங்கோணமாக மடக்கிவிட்டு, மடக்குக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சுற்று அவிழ்ந்து சில தந்திகள் செத்துவிடும். பழைய தந்தியைப் புதியது சரியாக ஒலிக்கும் வரை எறியாதீர்கள்.

குட்டை வகைத் தட்டைத் தந்தி சொல்லி வைத்து வாங்க ஒரு மாதம் ஆயிற்று. மாட்டியது பேரன்தான், நான் டேப்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பாட்டை மறுபடி வாசித்தான். உள்ளே இருந்த மனைவி, "இப்போ சரி" என்றாள். அளவெடுக்கத் தயங்குகிறவர்கள் ஞாயிறு மாலை கிதாரோடு வீட்டுக்கு வரலாம், காப்பியும் கிடைக்கும்.