மாத்திரை யார் கையால் வருகிறது?

அன்புள்ள பூங்கொடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சமூகப்பணி படிப்பு முடிந்ததும் உகாண்டா பக்கம் ஏதாவது ஒரு சுகாதாரத் திட்டத்தில் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம்தான். ஆனால் "அங்கே டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை, நாம் போய்த்தான் செய்தாக வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. டாக்டர்கள் குறைவு என்பது உண்மை. ஆனாலும் அங்கே நடந்த மிகப் பெரிய சுகாதார வேலைகளுள் ஒன்றைத் தோளில் சுமந்தவர்கள் அந்தந்த ஊர் விவசாயிகள். அந்தக் கதை தெரியாமல் நீ விமானம் ஏறக் கூடாது.

ஆற்றுக் குருடு என்று ஒரு நோய். வேகமாகப் பாயும் ஆறுகளில் முட்டையிடுகிற, கூன்முதுகுள்ள சின்னக் கறுப்பு ஈ கடிக்கும்போது புழு உடம்புக்குள் போகிறது. வளர்ந்த புழுக்கள் தோலுக்கடியில் முடிச்சு முடிச்சாகத் தங்கி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். அவை ஈனும் நுண்புழுக்கள் தோலெங்கும் பரவிக் கண்ணுக்கும் போகின்றன. முதலில் வருவது அரிப்பு. ராத்திரி கண்மூட விடாத அரிப்பு. பிறகு தோல் தடித்து, முழங்காலுக்குக் கீழே திட்டுத் திட்டாக வெளுக்கிறது. அப்படி வெளுத்த பெண்ணுக்கு வரன் அமைவதும் கஷ்டம். பார்வை போவது கடைசியில். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த ஈக்குப் பயந்து நல்ல விளைச்சல் தரும் ஆற்றங்கரை நிலத்தைவிட்டு ஊர் ஊராக வெளியேறினார்கள். பார்வையிழந்த பெரியவரின் கோலைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் முன்னே நடக்கும் சிலை ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தில் இருக்கிறது. பார்ப்பவர்கள் பெரியவருக்காக வருந்துவார்கள். நீ அந்தப் பையனையும் பார். அவன் பள்ளிக்கூடம் போகவில்லை.

மருந்து இருந்தது. ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிறந்த ஐவர்மெக்டின். அவரும் வில்லியம் கேம்பலும் 2015-ல் நோபல் பரிசு பெற்றது இதற்காகத்தான். வேண்டிய அளவு, வேண்டிய காலம் வரை இலவசமாகத் தருகிறோம் என்று மெர்க் நிறுவனம் 1987-லேயே அறிவித்துவிட்டது. அப்புறம் என்ன சிக்கல்? இந்த மருந்து நுண்புழுவைக் கொல்லும், தாய்ப்புழுவைக் கொல்லாது. தாய்ப்புழு ஆயுசு முடிந்து சாகும்வரை, வருஷா வருஷம், ஊரில் ஏறக்குறைய எல்லோரும் விழுங்கியாக வேண்டும். நம் ஊரில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக மாத்திரை கொடுத்தபோது கையில் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும்.

ஆரம்பத்தில் வண்டி கட்டிக்கொண்டு மருத்துவக் குழுக்கள் போயின. செலவோ அதிகம். வண்டி வந்த அன்று வயலுக்குப் போயிருந்தவர்கள் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டியதுதான். 1995-ல் ஆப்பிரிக்க நாடுகளில் தொடங்கிய புதிய திட்டம் இதைத் தலைகீழாக்கியது. எந்த மாதம் கொடுப்பது, வீடு வீடாகவா பொது இடத்திலா, கொடுப்பவர் யார் என்று எல்லாவற்றையும் ஊர்க்கூட்டமே முடிவு செய்யும். சுகாதாரத் துறை பயிற்சி கொடுத்து, மருந்தை ஒப்படைத்து, மேற்பார்வை பார்க்கும்.

அந்த வேலைக்கான கருவியைச் சொல்கிறேன். கோடு போட்ட ஒரு குச்சி, அவ்வளவுதான். எடை பார்க்கும் எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு எந்த மலை ஏறுவது? அதனால் உயரத்தை வைத்தே மருந்தின் அளவைத் தீர்மானித்தார்கள். 90 சென்டிமீட்டர் கோட்டுக்குக் கீழே நிற்கும் குழந்தைக்கு மருந்து கிடையாது. அதற்கு மேல் 120-க்குள் இருந்தால் ஒரு மாத்திரை; இப்படிக் கோட்டுக்குக் கோடு ஏறி, 159-ஐ எட்டியவர்களுக்கு நான்கு. ஆள் வந்து குச்சியோடு ஒட்டி நிற்க வேண்டும், மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வேண்டும், பதிவேட்டில் பெயருக்கு நேரே எழுத வேண்டும். பள்ளிப்படிப்பு கொஞ்சமே உள்ளவரும் பிழையில்லாமல் செய்யலாம்.

இருந்தாலும் எல்லா ஊரிலும் இது ஓடிவிடவில்லை. பல இடங்களில் ஊர்த்தலைவர் தனக்கு வேண்டிய ஓர் ஆணை நியமித்தார். அவர் காடுமேடெல்லாம் நடந்து அலுத்து, சம்பளம் கேட்டார், கிடைக்காதபோது விட்டுவிட்டார். உகாண்டாவில் மோசஸ் கட்டபர்வா என்ற ஆய்வாளர் இதைக் கூர்ந்து பார்த்தார். ஊருக்கு ஒருவர் என்றில்லாமல், ஒவ்வொரு உறவுக் கூட்டமும் தன் ஆளைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட இடங்களில் வேலை நிலைத்து நின்றது. நம் பங்காளி வகையறா மாதிரி நினைத்துக்கொள். நடக்க வேண்டிய தூரம் குறைந்தது, சம்பளம் கேட்டவர்களும் குறைந்தார்கள், பெண்கள் நிறையப் பேர் உள்ளே வந்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கர்ப்பிணிக்கு இந்த மாத்திரை கொடுக்கக் கூடாது. பிரசவமாகி முதல் வாரத்திலும் கூடாது. அப்படியானால் அவளுக்கு எப்போது? வண்டியில் வந்தவர் அதற்குள் அடுத்த மாவட்டம் போயிருப்பார். சொந்தக்காரி என்றால் குழந்தை பார்க்க வரும்போதே மாத்திரையும் கொண்டுவருவாள்.

உறவு என்றதும் எல்லாம் இனிமை என்று நினைத்துவிடாதே. உறவுக் கணக்கில் சேராதவர்கள் அங்கேதான் விடுபடுவார்கள். மாட்டு மந்தையோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஃபுலானிகளைப் பல ஊர்ப் பதிவேடுகளில் காண முடிவதில்லை. பிழைக்க வந்தவர், அகதி, விதவையாகிப் பிறந்த வீடு திரும்பியவள் பெயரெல்லாம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளமில்லாத வேலை கடைசியில் ஏழைப் பெண்கள் தலையில் விழுவதையும் நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். மருந்துக்கு விலை இல்லை என்றால் அவர்கள் நேரத்துக்கும் விலை இல்லையா?

வலிப்பு வரும் பிள்ளைகள் பற்றியும் தெரிந்துகொள். இந்த நோய் கடுமையாக உள்ள ஊர்களில் வலிப்பும் மிக அதிகம். தான்சானியாவின் மஹெங்கே மலைப்பகுதியில் 1960-களின் தொடக்கத்தில் லூயிஸ் ஜிலெக்-ஆல் என்ற நார்வே நாட்டு மருத்துவர் வலிப்புக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். அவரிடம் வந்தவர்கள் பலர் உடம்பில் தீக்காயத் தழும்பு. அடுப்பில் விழுந்தபோது தூக்கிவிட யாரும் இல்லை. தொட்டால் தொற்றும் என்ற பயம். தனிக் குடிசை, தனித் தட்டு. மலிவான பீனோபார்பிடோன் மாத்திரையால் பலருக்கு வலிப்பு அடங்கியதும் அவர்கள் வயலுக்குத் திரும்பினார்கள். ஐவர்மெக்டின் ஒழுங்காகப் போய்ச் சேரும் இடங்களில் புதிதாக வலிப்பு வரும் பிள்ளைகள் குறைவதை இப்போது பார்க்கிறார்கள். ஏற்கெனவே வலிப்போடு வளர்ந்துவிட்டவர்களுக்கோ தினசரி மாத்திரை வேண்டும், வகுப்பில் இடம் கொடுக்கும் ஆசிரியர் வேண்டும், பயப்படாத பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும். உன் படிப்புக்கு வேலை இருப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

2025 ஜனவரியில் நைஜர் நாட்டில் இந்த நோய் பரவல் அற்றுப்போனதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. ஆப்பிரிக்காவில் அதுவே முதல் நாடு. மற்ற பல நாடுகளில் குச்சியும் பதிவேடும் இன்னும் வேலையில் இருக்கின்றன.

நீ போ. போனதும் முதலில் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கு. மாத்திரை கொடுக்கும் பெண்ணோடு ஒரு சுற்று நட. பதிவேட்டில் இல்லாத வீடு எதையாவது வழியில் பார்த்தால் அவளிடமே கேள். காரணம் அவளுக்குத் தெரிந்திருக்கும். சுவாஹிலியை இப்போதே தொடங்கிவிடு. மஹெங்கே பக்கம் போனால் அது இல்லாமல் நடக்காது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். டிக்கெட் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா