இயந்திரம் இல்லாத படகில் என்ன இலாபம்?

அளுத்கமையில் முப்பது வருடமாக ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். பெந்தோட்டை ஆறு கடையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். அப்படியிருந்தும் அதை ஒரு நாளும் வியாபாரக் கண்ணோடு பார்த்ததில்லை. கட்டாரில் உழைத்துவிட்டு வந்த என் ராத்தாவின் மகன், "மாமா, ரெண்டு இஞ்சின் போட் வாங்கப் போறன். பாதிக் காசு இருக்கு, மீதிக்கு லோன் எடுக்கலாம்" என்று வந்து நின்றபோதுதான் பார்க்கத் தொடங்கினேன்.

நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆற்றில் இப்போது எத்தனை இஞ்சின் போட் ஓடுது?" என்பது. எண்ணிவிட்டு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். எல்லாரும் ஒரே சாமானை விற்கும் தெருவில் புதிதாகக் கடை திறப்பவனுக்கு விலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதிலும் ஆள் பிடித்துத் தருபவருக்குக் கொமிஷன். 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்ற நாட்களை நாம் யாரும் மறக்கவில்லை. எண்ணெய் இல்லாத படகு கரையில் கிடக்கும். தவணைப் பணம் கிடக்காது.

பிறகு அவனே கயாக் பற்றிச் சொன்னான். ஒருவரோ இருவரோ உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு, பிளாஸ்டிக்கில் செய்தது. "சரி, முதலில் நான் ஏறிப் பார்க்கிறேன்" என்றேன். இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் சிரித்தார்கள்.

காலை ஆறரைக்கு இறங்கினோம். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பிவிடும், துடுப்புப் போடுவது கஷ்டம். வழிகாட்டியாக வந்தவர் அந்த ஆற்றிலேயே மீன் பிடித்து வளர்ந்த ஒரு பொடியன். ஆற்றுவாய்ப் பக்கம் போகாமல் மேலே கண்டல் மரங்களுக்குள் கூட்டிப் போனார். ஓரிடத்தில் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கையால் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்த பிறகுதான், பெரிய சிவப்புச் சொண்டுள்ள மீன்கொத்தி ஒன்று தலைக்கு மேலே கொப்பில் இருப்பது தெரிந்தது. வேரில் ஒரு கபரகொய்யா வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் மட்டத்தில், சத்தமில்லாமல் வருபவனை அவை அவ்வளவாகக் கணக்கெடுப்பதில்லை. அந்த நேரம் பார்த்து ஓர் இஞ்சின் போட் வந்தது. மீன்கொத்தி பறந்தது, கபரகொய்யா தண்ணீரில் விழுந்தது. போட்டில் இருந்த வெள்ளைக்காரர்கள் எங்களைத்தான் படம் எடுத்தார்கள்.

நாம் விற்கப் போவது படகுச் சவாரியல்ல, அந்த அமைதியும் அந்தப் பொடியனின் கண்ணும்தான் என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது.

கணக்கைப் பார்ப்போம். தலையை எண்ணினால் இஞ்சின் போட்தான் வெல்லும். அது ஒரு மணித்தியாலத்தில் ஏற்றி இறக்கிவிடும். கயாக்கில் ஐந்தாறு பேரோடு ஒரு காலை முழுவதும் போய்விடும். ஆனால் இங்கே எரிபொருள் இல்லை, இயந்திரப் பழுது இல்லை. படகை நிழலில் வைத்தால் பல வருடம் உழைக்கும். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். பெரிய செலவு வழிகாட்டியின் சம்பளம்தான். அதில் கஞ்சத்தனம் பார்த்தால் சரக்கே கையைவிட்டுப் போய்விடும். உயிர்காப்பு அங்கியிலும் கை வைக்கக் கூடாது. ஆற்றில் முதலை இருக்கிறது. தண்ணீருக்குள் கை விடாதே, பொழுது சாய்ந்த பின் போகாதே என்று ஏறுமுன்பே சொல்லிவிட வேண்டும்.

"முதலை காட்டுகிறோம்" என்று பலகை எழுத மருமகன் ஆசைப்பட்டான். நான் விடவில்லை. இருப்பில் இல்லாத சாமானுக்கு ஓடர் எடுப்பதும் இதுவும் ஒன்றுதான். இந்தக் கரையோரத்து ஆறுகளில் சில இடங்களில் முதலைக் குட்டியின் வாயைக் கட்டி, கையில் கொடுத்துப் படம் எடுக்க விட்டுக் காசு வாங்கியதை நானே கண்டிருக்கிறேன். முதலை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. தெற்கே பலப்பிட்டியில் உள்ள மாது கங்கை 2003இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். அதைப் பார்க்கவென்றே விஷயம் தெரிந்தவர்கள் வருகிறார்கள். அப்படிப்பட்டவர் ஒரு முறை முகம் சுளித்தால் பத்துப் பேரிடம் சொல்வார்.

அடுத்தது பருவம். நமது பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கினால் ஆறு கலங்கிப் பெருகும். அப்போது கிழக்கே பொத்துவிலில், அறுகம்பையில் பருவம் ஆரம்பிக்கும். பொத்துவில் களப்பில் நம்மவர்கள் உட்பட மீனவர்கள் துடுப்பு வள்ளத்தில் பயணிகளைக் கூட்டிப் போய்க் கண்டலையும் பறவையையும், அதிர்ஷ்டமிருந்தால் யானையையும் காட்டுகிறார்கள். கயாக்கை லொறியில் ஏற்றலாம். இஞ்சின் போட்டை அவ்வளவு லேசாக ஏற்ற முடியாது.

ஆனாலும் பயம் இருக்கிறது. 2018இல் 23 இலட்சத்துக்கும் மேல் பயணிகள் வந்த நாடு இது. 2019 ஏப்ரல் தாக்குதல், பிறகு கொரோனா. 2021இல் இரண்டு இலட்சம் கூட வரவில்லை. 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட வருடங்களில் கடனோடு இருந்தவர்கள் பட்ட பாட்டைப் பெந்தோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆகவே லோன் எடுக்கவில்லை. அவனது காசில் ஆறு கயாக், எனது பங்காக அங்கிகளும் கொட்டிலும். அந்தப் பொடியனுக்கு மாதச் சம்பளம், மழைக் காலத்திலும் பாதி. பொத்துவிலில் கடை வைத்திருக்கும் ஒரு பழைய வாடிக்கையாளரிடம் பேசியிருக்கிறேன். வருகிற மே மாதம் ஆறையும் அனுப்பினால் லொறிக் கூலியில் பாதியைத் தான் தருவதாகச் சொல்கிறார். முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.